நான் மெருகேற்றிய சேணத்து வார்

தோல் வாருக்குக் கொழுப்புத் தேய்த்து மெருகேற்றுவதில் பேரணாம்பட்டில் என் கைக்கு மிஞ்சிய கை கிடையாது. அந்தக் கைதான் இதைச் செய்தது.

பாலாற்று மணலில் குதிரைப் பந்தயத்துக்கு முந்தின நாள், ஜட்கா ஓட்டும் காசிம் பாய் தன் சேணத்து வாரைக் கொண்டுவந்தார். குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் அது. கொக்கிக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது.

“வேற வார் போடுங்க பாய்,” என்றேன்.

“வேற வாருக்குக் காசு ஏது? பந்தயம் நடத்துற துரை சோதிச்சுப் பார்த்துத்தான் உள்ள விடுவாரு. அவர் கண்ணுக்குத் தெரியாம செஞ்சுடு அக்கா. உன் கையால ஆவாததா இன்னா?”

அந்தப் புகழ்ச்சியில் மயங்கி, வெடிப்பு மறைய மெழுகு வைத்துத் தேய்த்தேன். மறுநாள் துரை வாரைத் தடவிப் பார்த்து, “புதுசா?” என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் சுற்றில் வார் அறுந்தது. சேணத்தோடு விழுந்த பாய் உயிர் தப்பினார். ஆனால் முறிந்த வலது கால் எலும்பு கடைசிவரை சரியாகச் சேரவில்லை.

“உன் மேல தப்பில்ல அக்கா,” என்றுதான் சாகும்வரை சொன்னார். அவர் போய் வருஷங்களாகியும், காலை இழுத்து நடக்கும் அந்தச் சத்தம் என் வாசலில் கேட்கிறது.

இப்போது எந்த வார் வந்தாலும் முதலில் மடக்கிப் பார்க்கிறேன். வெடிப்பிருந்தால் அந்த இடத்திலேயே கத்தியால் அறுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். திட்டிக்கொண்டேதான் போகிறார்கள், இரண்டு காலாலும் நடந்து.