ஈயச்சொம்பில் வெந்த தெர்மோஸ்டாட்

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது.

அதற்கு முந்தைய வாரம் எங்கள் பழைய கார் சயான் நெரிசலில் சூடேறி, ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மாட்டுங்காவில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பட்டுப்புடவையோடு ரோட்டோரம் நின்ற என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "இன்னொரு தடவை இது வழியில நின்னா வித்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது."

எனக்கோ அதை விற்க மனமில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதையும் டைரியில் குறித்து வருகிறேன். அதன் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

டீலரின் சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றார்கள். எஞ்சின் சூடானதும் திறந்து, கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்புகிற சின்ன வால்வு அது. இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறதாம். கூடவே பம்ப், ஹோஸ், பெல்ட் என்று எஸ்டிமேட் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். வீடியோக்களைப் பார்த்தேன். இரண்டு போல்ட், அவ்வளவுதான். குர்லாவில் புதிய தெர்மோஸ்டாட் வாங்கினேன். சனிக்கிழமை காலை எஞ்சின் ஆறியிருந்தபோது பழையதைக் கழற்றினேன்.

உடனே புதியதை மாட்டியிருக்கலாம். ஆனால் குற்றம் நிரூபணமாகாமல் தண்டிப்பது என் வழக்கமில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நல்ல வால்வு திறக்கும்; கெட்டது திறக்காது. மனைவி பஜனைக்குப் போயிருந்தாள். தினமும் புழங்குகிற பாத்திரங்களில் கூலன்ட் பட்ட சாமானைப் போடக் கூடாது, அது விஷம். மேல் தட்டில், பண்டிகைக்கு மட்டும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருந்தது. அதிகம் பயன்படாத பாத்திரம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். அபூர்வமாக எடுக்கிற பாத்திரம்தான் அருமையான பாத்திரம் என்பது அப்போது தோன்றவில்லை.

வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் தண்ணீர் ஊற்றினேன். கேஸ் வீணாகாமல், வால்வு மூழ்கும் அளவுக்கு மட்டும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வால்வு அசையவில்லை. அந்த நேரம் பார்த்து சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சிக்னலுக்காகப் பால்கனிக்குப் போனேன்.

"ஸார், எஸ்டிமேட் அப்ரூவ் கர் தூ க்யா?" எஸ்டிமேட்டை ஓகே செய்துவிடட்டுமா என்று இந்தியில் கேட்டாள்.

என் இந்தியில் ஒரு வாக்கியம் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டாள். "தமிழா ஸார் நீங்க? மொதல்லயே சொல்லப்படாதா? நாங்க தாராவிதான்."

எனக்கு அது போதாதா? நானே கழற்றியது, நானே சோதிப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். பம்ப் எதற்கு, பெல்ட் எதற்கு என்று எஸ்டிமேட்டை வரி வரியாக விசாரித்தேன்.

"வேக வச்சுப் பாத்தியளாக்கும்? நாங்க இட்லிதான் ஸார் வேக வைப்போம்" என்று சிரித்தாள். "எதுல போட்டு வச்சிய?"

"ஈயச்சொம்புல."

"அடுப்ப அணைச்சிட்டியளா ஸார்?"

ஓடினேன். சொம்பின் மேல்பாதி ஸ்டவ் மேல் சாய்ந்து கிடந்தது. கீழ்ப்பாதி பளபளவென்று பர்னர் ஓட்டைகளில் வடிந்திருந்தது. நடுவில் தெர்மோஸ்டாட், ஒன்றும் நடக்காததுபோல.

மனைவி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஏன்னா, என்ன இது?"

"டெஸ்ட் பண்ணினேன். வால்வு திறக்கறதான்னு."

"திறந்துதா?"

"இல்லை."

"சொம்பு திறந்துடுத்து."

கரண்டிக் காம்பால் ஈயத்தைச் சுரண்டி, ஒரு துணுக்கு விடாமல் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு தீர்ப்பு வந்தது: "நாளைக்கு மாட்டுங்கா போய் வேற சொம்பு வாங்கணும். இந்த வண்டியிலதான். நடுவில நின்னுதுன்னா, நான் டாக்ஸியில வந்துடறேன். நீங்க வண்டியை வித்துட்டு வாங்கோ."

ஞாயிறு காலை புதியதை மாட்டி, கூலன்ட் நிரப்பிக் கிளம்பினோம். சயானில் அதே நெரிசல். வெப்பமானியின் ஊசி ஏறியது. பாதியைத் தொட்டு, கொஞ்சம் தாண்டியது. எஞ்சினின் சுமை குறையட்டும் என்று, யாரும் சொல்லாமலே அவள் கை நீட்டி ஏசியை அணைத்தாள். மே மாத வெயில். புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு அவளும் ஊசியையே பார்த்தாள். அது மெதுவாக இறங்கிப் பாதியில் நின்றது.

"நின்னுடுத்து" என்றாள். ஊசியைத்தான்.

கடைக்காரர் பழைய ஈயத்தை எடைபோட எடுத்து, உருட்டிப் பார்த்தார். "என்ன மாமி, ரசத்தை அடுப்புல வச்சுட்டு மறந்துட்டேளா?"

"இல்லை. காருக்கு வைத்தியம் பார்த்தோம்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

பழைய ஈயத்தைக் கழித்த பிறகும், புதுச் சொம்பின் விலை, தெர்மோஸ்டாட்டை மாற்ற டீலர் கேட்டதைவிட அதிகம். வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை நீங்களேவா மாற்றினீர்கள் என்று யாராவது வியந்து கேட்டால், ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். ஆனால் ஏசியை அணைத்த அந்தக் கை நினைவுக்கு வந்து, நாங்கள் மாற்றினோம் என்று திருத்திச் சொல்கிறேன்.