ரிமாண்ட் என்று நான் வாசித்தது

அந்தத் தொலைநகல் தாளை நினைத்தால் முதலில் அதன் வழவழப்புத்தான் விரலுக்கு வருகிறது. இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்து, கையை எடுத்தவுடன் தானாகவே சுருண்டுகொள்ளும் தாள். பதினொரு பக்கம். அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கறிஞர் அனுப்பியது. மேசைக்கு அந்தப் பக்கம் அன்ரி நின்றார். குளிர்கோட்டுக்குக் கீழே பக்டரிச் சீருடை தெரிந்தது. வேலைக்குப் போகிற வழியில், வெக்ஸ்போர்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

அவர் எனக்கு உறவில்லை. கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்த சட்ட அலுவலகத்தில் தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை செய்தபோது அடிக்கடி வந்துபோனவர். அவரும் இரண்டு பிள்ளைகளும் கனடா வந்து சேர்ந்துவிட்டார்கள். பின்னால் புறப்பட்ட கணவர் அமெரிக்காவில் பிடிபட்டு, பிணையில் வெளியே வந்து, நியூ ஜேர்சியில் தெரிந்தவர் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை அங்கே மறுத்துவிட்டார்கள். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களை அன்ரிக்கு வாசித்துச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதாவது என்னுடைய வேலை.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா இன்றும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைக்கிறவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய், பகுதிநேரமாகச் சட்ட எழுத்தர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க வழக்கொன்றை எப்படிக் குறிப்பிடுவது என்று அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். முதலில் கட்சிக்காரர்களின் பெயர். பிறகு ஓர் எண், அது தொகுதி. நடுவில் இரண்டு மூன்று எழுத்து, அது எந்தத் தீர்ப்புத் தொடர் என்பது. பிறகு இன்னோர் எண், அது பக்கம். கடைசியில் நீதிமன்றமும் ஆண்டும். இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நூலகத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்குள் நேராக ஒரு பக்கத்தில் போய் விரல் வைக்கலாம். அதைச் செய்ய முடிந்த நாளில் வந்த பெருமை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வந்திருந்தது மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு. தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வாசிக்கத் தொடங்கினேன். வரிக்கு வரி மேற்கோள் வழக்குகள். அன்ரி பொறுமை இழந்தார்.

"பிள்ளை, உந்த நம்பரெல்லாம் எனக்கெதுக்கு? வெண்டதோ தோத்ததோ, அதைச் சொல்லு. எனக்குப் பஸ் போகப்போகுது."

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். கடைசி வரியில் இரண்டு சொற்கள். முதற் சொல் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டாவது, ரிமாண்டட். அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. கொழும்பில் லொட்ஜில் நடந்த சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்து ஏழு மாதம் ரிமாண்டில் வைத்திருந்தார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குக்கூடத் தெரிந்த ஆங்கிலச் சொல் அது.

"ரிமாண்ட் எண்டு போட்டுக் கிடக்கு அன்ரி," என்றேன். எங்கள் லோயர் ஒரு விசாரணைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே.

அன்ரி அழவில்லை. அலுவலகத் தொலைபேசியிலேயே கணவரைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பின்னேரம் லோயர் வந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், சிரித்தார். "நல்ல செய்தியல்லோ! பழைய மறுப்பை ரத்துச் செய்து, திரும்ப விசாரியுங்கோ எண்டு கீழ அனுப்பியிருக்கினம்." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்ன, உமக்கும் சிலோன் ரிமாண்ட் எண்டு விளங்கிப்போச்சோ?"

உடனே நியூ ஜேர்சிக்குப் போன் எடுத்தோம். வீட்டுக்காரர் சொன்னார், மத்தியானமே அவர் ஒரு பையோடு வெளிக்கிட்டுவிட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்று. புது விசாரணைத் திகதி அந்த விலாசத்துக்குத்தான் தபாலில் வரும். அன்றைக்கு அவர் போகாவிட்டால், ஆள் இல்லாமலே நாடு கடத்தும் உத்தரவு போட்டுவிடுவார்கள். வென்ற வழக்கு என் வாயால் தோற்கப் போகிறது.

"கொலிச்சிலை உதுதானோ படிப்பிச்சவை?" என்று, விஷயம் அறிந்து அலுவலகத்துக்கு வந்த அன்ரி கேட்டார். அதற்கு மேல் ஏசவில்லை. "அவர் எடுத்தா ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பார். நான் சொன்னா நம்பமாட்டார். நீ வாசிச்சனி, நீயே வந்து சொல்லு."

அந்தக் கிழமை முழுக்க வேலை முடிய நகரத்துச் சட்ட நூலகத்துக்குப் போனேன். அதே சொல்லில் முடிந்த அகதி வழக்குகளைத் தேடி மூன்றை எடுத்தேன். ஒரு தீர்ப்பு பிற்பாடு மாற்றப்பட்டதா என்று காட்டும் சிவப்பு அட்டைப் புத்தகங்களிலும் மூன்றையும் சரிபார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்கிறபோது வரும் களைப்பு வேறு மாதிரியானது. நித்திரையால் அது போவதில்லை.

ஞாயிறு அன்ரியின் அப்பார்ட்மென்டில் காலையிலிருந்து இருந்தேன். பிள்ளைகள் இரண்டும் என்னைக் கண்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. அன்ரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"ரிமாண்ட் எண்டா என்னெண்டு நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டாம் பிள்ளை. ஊரிலை பதினாலு மாசம் கிடந்தனான்."

"இது உங்களை இல்லை அங்கிள். வழக்கைத்தான் திருப்பி அனுப்பியிருக்கினம்."

"ஓகோ. இப்ப வழக்கையும் பிடிச்சு ரிமாண்டிலை போடுறாங்களோ?"

நூலகத்தில் குறித்துவைத்த கொப்பியைத் திறந்து மூன்று வழக்குகளையும் வாசித்தேன். பெயர், தொகுதி, பக்கம். மூன்றிலும் இதே சொல், மூன்றும் திரும்ப விசாரணைக்குப் போனவை என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவை மூண்டு பேருக்கும் பிறகு என்ன நடந்தது?"

அதைத்தான் நானும் தேடியிருந்தேன். மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் அச்சாகும். கீழே திரும்பிப்போன பிறகு நடப்பதை அந்தத் தொகுதிகள் எழுதுவதில்லை. எல்லாருக்கும் கிடைச்சது அங்கிள் என்று சொன்னால் அவர் வந்துவிடுவார். அந்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது. அன்ரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது அங்கிள். புத்தகத்திலை அதோட நிக்குது."

மறுபக்கத்தில் லொறி ஒன்று போகும் சத்தம். "அண்டைக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் சொன்னனீராம்."

"ஓம்."

"இண்டைக்குத் தெரியாதெண்டுறீர்."

"ஓம் அங்கிள்."

"அப்ப இது பொய்யா இருக்காது. கடிதம் அந்த விலாசத்துக்குத்தானே வரும்?"

செவ்வாய்க்கிழமை அவர் பேஸ்மென்டுக்குத் திரும்பினார். கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. விசாரணைக்குப் போனார். ஒத்திவைத்தார்கள். அடுத்ததற்கும் போனார், அதையும் ஒத்திவைத்தார்கள். நான் படிப்பை முடித்து இப்போது நகரத்தில் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் பாதி கணினிக்குள் வந்துவிட்டது. அவருடைய வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. வருகிற கடிதங்களை அன்ரி இப்போதும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். லோயர் வேண்டாம், நீ வாசி என்கிறார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக வாசிக்கிறேன். வென்றதா தோற்றதா என்று அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

"அண்டைக்குக் காலமை அவர் எங்க போய் நிக்கோணும், எத்தினை மணிக்கு? அதை மட்டும் சொல்லு பிள்ளை," என்கிறார். அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.