கடுகு பொரியாத வீடு

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு தாளிப்புக் கரண்டி இருக்கிறது. இரும்புக் கரண்டி. கைப்பிடி நீளம். குழி ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் குழம்பில் விழ வேண்டிய எண்ணெயில் பாதி அடுப்பில் விழும். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அது என் அக்காவுடையது. அத்தான் இறந்த பிறகு அக்கா அதைப் பழைய துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். போன சாரல் சீசனிலிருந்து எனக்கு ஒரு புதுப் பழக்கம். அந்தக் கரண்டி அடுப்பில் ஏறியதும், எழுதிக்கொண்டிருப்பதைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுத் தெருவில் போய் நிற்கிறேன். எனக்குக் கடுகு நெடி ஆகாது என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். பத்திரிகைகளில் என்னை நகைச்சுவை எழுத்தாளர் என்று போடுகிறார்கள். எனவே வாக்கியம் பாதியில் நின்றால் நாட்டுக்கு நஷ்டமில்லை என்பது அவள் எண்ணம். எனக்கும் மறுப்பில்லை.

அத்தான் தென்காசியில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தார். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு அக்கா வீட்டுச் சோற்றுக்குப் பாரமாக இருந்த எனக்கு, அதே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைக்க அவர்தான் வழி செய்தார். அறுபதுகளின் தொடக்கம். பெரியம்மையை நாட்டை விட்டே துரத்தப் போகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியிருந்த காலம். அம்மைப்பால் குத்துகிற பெட்டியோடு அத்தான் முன்னால் சைக்கிளில் போவார். யார் யாருக்குக் குத்தியது என்று எழுதிக்கொள்ள நான் பின்னால் போவேன். முதல் நாள், ஒரு குழந்தையின் கையில் அந்தத் திருகு ஊசி அழுந்தியதைப் பார்த்துவிட்டு நான் வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்தேன். குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தது.

குத்துவதுகூடப் பெரிய காரியமில்லை. அம்மை எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. கண்டுபிடித்துவிட்டால் அந்த வீட்டில் மிச்சம் இருப்பவர்களுக்கும் தெருவுக்கும் உடனே குத்திவிடலாம். நாலைந்து நாளைக்குள் குத்திவிட்டால், கூடவே படுத்திருந்த பிள்ளைகூடத் தப்பித்துக்கொள்ளும். ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால், நோய்ப்பட்டவரை ஊருக்கு வெளியே இருக்கிற ஓலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். அது நோய் இல்லை, ஆத்தாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், வந்தவளைச் சர்க்காரிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அதைவிடப் பெரிய பயம். முன்பெல்லாம் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்த பிறகு வேப்பிலை நிலைப்படிக்கு உள்பக்கமாகப் போய்விட்டது.

அத்தான் அப்போதுதான் மூக்கைப் பயன்படுத்தத் தொடங்கினார். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதும் அந்த நெடியும் ஆத்தாளுக்கு ஆகாது. அவள் கோபித்துக்கொண்டால் முத்து உள்ளே இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. வேப்பிலையை ஒளிக்கலாம், பிள்ளையை ஒளிக்கலாம், இல்லாத வாசனையை எப்படி ஒளிப்பது? உச்சிப்பொழுதில், தெரு முழுக்க ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் தாளிக்கிற நேரத்தில், அத்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார். கூரையில் புகை வருகிறது, தாளிப்பு வாசனை வரவில்லை என்றால் நிற்பார். தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தணித்து, "வீட்ல ஆத்தா எறங்கியிருக்காளோ தாயி?" என்பார். பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள். அத்தான் யாரையும் மிரட்டியதில்லை. கொட்டகைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே தனியாக வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, தெருவுக்கே குத்திவிட்டுத்தான் சாப்பிட வருவார். கடையநல்லூர்த் தறிக்காரத் தெருக்களில் மூக்குக்குப் பதில் காது. வேலைநாளில் ஒரு வீட்டில் மட்டும் தறிச் சத்தம் நின்றிருந்தால் அங்கே தாகம் எடுத்துவிடும்.

இத்தனை கெட்டிக்காரத்தனத்தை ஒரு மனுஷன் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க முடியுமா? அத்தானால் முடியவில்லை. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் டீ ஆற்றுகிறவர் தொடங்கிவிடுவார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஊர்ல என்ன கொழம்பு?"

"கீழத்தெரு முழுக்க வெந்தயக் கொழம்பு. வாத்தியார் வீட்ல கருவாடு."

"அவரு சைவம்லா அண்ணாச்சி?"

"வாத்தியார் சைவந்தான்வே. சட்டிதான் அசைவம்."

பெஞ்சு மொத்தமும் சிரிக்கும். வாத்தியார் இருந்தால் அவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக. அத்தானுக்குக் 'கடுகு இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வந்தது. அவருக்கு அதில் பெருமைதான். வீட்டில் அக்கா அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, "மூக்கக் கழத்தி வாசல்ல மாட்டிட்டுச் சாப்பிட வாங்க" என்பாள்.

பெயர் வந்தால் பெயருக்குக் காரணமும் கூடவே ஊருக்குள் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம் நாங்கள் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தாளிப்பு மணத்தது. சைக்கிள் மணி ஒலித்தால் போதும், ராஜா வருகைக்கு வெடி போடுவதுபோல வீட்டுக்கு வீடு கடுகு வெடித்தது. நல்ல பசி நேரத்தில் வருகிறோம் என்று நினைத்துக்கொண்டோம். ஊர் சுத்தமாகிவிட்டது என்று அத்தான் மேலே எழுதியனுப்பினார். வாக்கியத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தவன் நான்.

மேலகரத்தில் ஒரு சந்து. அதில் ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டுக்காரர் குற்றாலம் பேரருவிக் கரையில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். ஆனியும் ஆடியும் தேய்த்துத்தான் வருஷம் முழுவதும் சாப்பாடு. தேய்க்கிறவன் வீட்டில் அம்மை என்று ஒரு சொல் வெளியே போனால் எவன் முதுகைக் காட்டுவான்? அவர் சின்ன வயதிலேயே அம்மை கண்டு எழுந்தவர், முகத்தில் தழும்பு உண்டு. அவருக்குப் பயமில்லை. பயந்தது அவர் மனைவி. மூத்த பையன், பள்ளிக்கூடத்தில் நாங்கள் அம்மைப்பால் குத்தப் போனபோதெல்லாம் சுவர் ஏறிக் குதித்து ஓடியவன்.

வைகாசி முடிகிற சமயம். முதல் சாரல் விழுந்திருந்தது. அந்தச் சந்தில் நாங்கள் நுழைந்தபோது அந்த வீட்டிலிருந்து வந்த வாசனை எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. கடுகு, வெந்தயம், பெருங்காயம், ஈரத்தோடு போட்ட கறிவேப்பிலை. அத்தான் நின்று மூச்சை உள்ளே இழுத்தார். "தாளிப்புன்னா இதுல்லா தாளிப்பு" என்றார். அந்த அம்மாள் இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். பெரியவனைக் கேட்டதற்கு, திருவேங்கடத்தில் மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றாள். இடுப்பிலிருந்த பெண் குழந்தைக்கு இன்னும் குத்தவில்லை. அத்தான் பெட்டியைத் திறக்கப் போனார். பிள்ளைக்குச் சளி, மேல் சுடுகிறது, அடுத்த தடவை குத்திக்கொள்ளலாமே என்று அவள் கெஞ்சினாள். வேறு வீடாக இருந்தால் அத்தான் விட்டிருக்க மாட்டார். ஆனால் வீடுதான் மணக்கிறதே. "சரி தாயி, அடுத்த நட" என்றார். குழந்தை சைக்கிள் மணியைப் பிடிக்கக் கையை நீட்டியது. அத்தான் வண்டியை அருகே தள்ளிக்கொண்டு போய், அதன் விரலைப் பிடித்து மணியடிக்க வைத்தார். அது மறுபடி கேட்டது. மறுபடி அடிக்க வைத்தார். பிறகு சுவரில் காவிக்கட்டியால் 'இல்லை' என்று அடையாளம் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பையன் அப்போது உள்ளறையில் வாழையிலையில் படுத்திருந்தான்.

சீசன் நன்றாகப் பிடித்து, அருவியில் கூட்டம் நெரிந்த ஒரு காலையில், அந்த எண்ணெய்க்காரர் இரண்டு மூன்று நாளாக வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். அத்தான் டீயைக் குடிக்காமல் எழுந்தார். நாங்கள் போனபோது வாசல் மெழுகியிருந்தது. வேப்பிலை வெளிப்பக்கமாகவே தொங்கியது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மூத்தவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் பொருக்கு உதிர்ந்த வடு. குழந்தையை முந்தின நாளே புதைத்துவிட்டார்கள்.

அவள் அழவில்லை. அத்தானைப் பார்த்ததும் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அலுவலகத்தில் வந்து நிற்பவளைப்போல நின்றாள்.

"ஒங்க மணிச்சத்தம் கேட்டுத்தான் அண்ணாச்சி தாளிச்சேன். வாசன வரலைன்னா நீங்க உள்ள வந்திருவீயன்னு சொன்னாவ. ஆத்தா எறங்கியிருக்கா, தாளிக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் கடுகப் போட்டேன். பெரியவன விட்டுட்டா. அதுக்குப் பதிலு சின்னத எடுத்துக்கிட்டா."

அத்தானிடம் இதற்குப் பதில் இருந்தது. அவருடைய தொழிலே அந்தப் பதில்தான். கடுகுக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை. அண்ணனிடமிருந்து தங்கைக்குத் தொற்றியது. அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருந்தால், நான் அந்த வாசலிலேயே குத்தியிருப்பேன், பிள்ளை பிழைத்திருக்க வழி இருந்தது. அவர் வாய் திறப்பதையும் மூடுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் நம்பியது பொய். அந்தப் பொய் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பதற்கு எங்களிடம் இருந்த உண்மை அதைவிடக் கூர்மையானது. ஆத்தாள் கேட்டாள் என்றாவது ஒரு தாய் சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் கொடுக்கப்போகும் கணக்கில் ஆத்தாள்கூட இல்லை.

"கடுகுல ஒண்ணுமில்ல தாயி" என்றார் அத்தான். "நான் உள்ள வந்து பாத்திருக்கணும். மோந்து பாத்துட்டுப் போயிட்டேன். எம்மேல உள்ள தப்பு."



"எனக்காவச் சொல்லுதீய" என்றாள்.

அன்றைக்கே அந்தச் சந்து முழுவதற்கும் குத்தினார். ஒரு வாசலிலும் தாகம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் மூக்கை நம்பியதே இல்லை. வீடு வீடாக உள்ளே போனார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார், பரணில் ஏறினார், வசவு வாங்கினார். ஒருத்தி சாணித் தண்ணீரை ஊற்றினாள். துடைத்துக்கொண்டு, அவள் பிள்ளைக்குக் குத்திவிட்டு வந்தார். டீக்கடையில் அவரிடம் யாரும் என்ன குழம்பு என்று கேட்கவில்லை. கேட்க நினைத்த ஓரிருவரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வீட்டில் தாளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு முதலில் கோபம். "நம்ம வீட்ல யாருக்கு அம்ம போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவர் தாளிக்காத ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் எனக்காகவும் பிள்ளைகளுக்காகவும், அவர் சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகு கரண்டியை அடுப்பில் வைப்பாள். அவர் திரும்பி வருவதற்குள் சன்னலைத் திறந்து, விசிறியால் நெடியை விரட்டிவிடுவாள். மேலகரத்தில் ஒருத்தி அவர் வரும் மணிக்குத் தாளித்தாள். என் அக்கா அவர் போகும் மணிக்குத் தாளித்தாள். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த மூக்குக்கா?

இன்னொன்றும் உண்டு. மேலகரம் பக்கம் போகும் நாளிலெல்லாம், அத்தான் உச்சிப்பொழுதில் அந்தச் சந்தின் முனையில் சைக்கிளை நிறுத்துவார். மணியடிக்க மாட்டார். செயின் கழன்றுவிட்டதுபோலக் குனிந்து எதையாவது நோண்டிக்கொண்டிருப்பார். அந்த வீட்டுக் கூரையில் புகை வரும், வாசனை வராது. நோய் போன பிறகும் நோய் வீடாகவே இருந்தது அது. ஒரு நாள் வரும் என்று அவர் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்கு மாற்றலாகும்வரை வரவில்லை. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று வானொலியில் சொன்னபோது அத்தான் இல்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அவுக மோந்து பாக்க ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே அது போயிருக்கலாம்" என்றாள். அன்றைக்குத்தான் கரண்டியைக் கொடுத்தாள். "ஒளிச்சுத் தாளிச்சே பழகிப்போச்சுலே. இப்ப யாருக்கு ஒளிக்க?"

போன சீசனில் குற்றாலம் போனேன். அருவிக்கரையில், தழும்பு முகத்தோடு ஒருவர் ஒரு தொந்திக்காரருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மூத்த பையன்தான், அவன் அப்பாவின் கை அப்படியே இருந்தது. குளிக்காமல் மேலகரத்துக்கு பஸ் ஏறினேன். சந்துக்குள் நுழையும்போது உச்சிப்பொழுது. அந்த வீட்டிலிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே வாசனை வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தானிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

எதிர்ச்சுவர் நிழலில், தெருக்குழாய் மேடையில், ஒரு கிழவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு முதுகைக் காட்டியிருந்தாள். எனக்கு அடையாளம் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன் ஆச்சி இங்கன இருக்கீய? வெயிலா இருக்கே" என்றேன்.

"மருமவ தாளிக்கா" என்றாள் முந்தானைக்குள்ளிருந்தே. "முடிஞ்சதும் போவேன்."

கொஞ்சம் தள்ளி, அதே நிழலில் நானும் நின்றேன். உள்ளே ஒரு பெண் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் குழம்பில் முக்குகிற 'ஸ்ஸ்' சத்தம் வந்தது. வாசனை அடங்க நேரமாயிற்று. கிழவி முந்தானையை எடுத்து, ஒரு தடவை காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

இதோ, உள்ளே கரண்டி அடுப்பில் ஏறுகிறது. எண்ணெய் காய்வதற்குள் நான் தெருவுக்குப் போயாக வேண்டும்.