அண்ணனின் நாய்க்கு வயிறு அடைத்தபோது

வேலியோரத்தில் முதுகை வளைத்து, பின்னங்கால்கள் நடுங்க, ஒன்றும் வராமல் முக்கிக்கொண்டு நின்ற நாய்தான் அந்த நாட்களை நினைத்தால் முதலில் கண்ணில் படுகிறது. அண்ணன் முகம் அதற்கப்புறம்தான் வருகிறது. அண்ணன் ஜீப்பு ஓட்டினான். விடியுமுன்னே எங்கள் ஊர் சிலமலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மலைமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போவான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து ஏலக்காய் எடுக்க நானும் அந்த ஜீப்பில்தான் மலை ஏறினேன். எங்கள் காலுக்கடியில் அவன் வளர்த்த நாயும் உட்கார்ந்து வரும். "சம்பளம் கேக்காத கிளீனரு இவன் ஒருத்தன்தான்" என்பான். அதனால் நாய்க்குப் பேரே கிளீனர்.

ஒரு மழைநாளில், ஆட்கள் யாரும் இல்லாமல், நாயையும் வீட்டில் விட்டுவிட்டு, உர லோடு மட்டும் ஏற்றிப்போன அன்றைக்கு, வளைவில் ஜீப்பு உருண்டது. வீட்டுக்கு அவனைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் தாய்மாமன் கிடா வெட்டிக் கறிச்சோறு போட்டுத் துக்கம் கழிப்பது எங்கள் வழக்கம். அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்த நெஞ்செலும்பாகப் பொறுக்கி வைத்துப் படைத்தாள் அம்மா. பிறகு அந்த இலையை அப்படியே தூக்கிக் கிளீனர் முன்னால் வைத்து, "தின்னு அப்பு" என்றாள். அண்ணனைத்தான் அவள் அப்பு என்று கூப்பிடுவாள். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் அழுதபடியே ஆளாளுக்குத் தங்கள் இலையிலிருந்த எலும்புகளைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. செத்தவனுக்கு ஒரு வாய் ஊட்டிவிடுவதாகத்தான் நினைத்தார்கள். நாயும் எல்லாவற்றையும் கடித்து விழுங்கியது.

அதற்குப் பிறகு அது சோற்றைத் தொடவில்லை. சுருண்டு படுத்துக்கொண்டது, எழுந்து வேலியோரம் போய் நின்றது, முனகியது, திரும்பி வந்து படுத்தது. "எசமானத் தேடுதுடி. இதுக்கு இருக்கிற பாசம் மனுசனுக்கு இல்ல" என்றாள் அத்தை. தெருவே வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது. அம்மாவும் சாப்பிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலையைத் தடவி, அப்பு அப்பு என்று என்னென்னவோ பேசினாள். எங்களோடு அவள் பேசவே இல்லை.

எனக்கு அந்த முக்கல்தான் உறுத்தியது. துக்கத்துக்கு எதற்கு முக்க வேண்டும்? வயிற்றைத் தொட்டால் இறுகிக் கிடந்தது, தொட்டதும் கத்தியது. பின்னால் தண்ணீர் மாதிரி கொஞ்சம் சொட்டியது, அதில் ரத்தமும் இருந்தது. "பேதிதான், மோரு ஊத்து, நின்னுரும்" என்றாள் அத்தை. மோரும் குடிக்கவில்லை. வாந்தி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுருடி. அது அவங்கூடப் போகணும்னு கெடக்கு."

"போறவன் போயிட்டான். இதையும் அனுப்பணுமா?" என்று கத்திவிட்டு, சாக்கில் சுற்றி ஆட்டோவில் போடிக்குக் கொண்டுபோனேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்ததுமே கேட்டார். "எலும்பு போட்டீங்களா?"

"ஆமாக்கா. ஆனா பேதியால்ல போகுது?"

"அது பேதி இல்லம்மா. உள்ள கல்லாட்டம் அடைச்சுக் கெடக்கு, அதச் சுத்தி ஒழுகுற தண்ணி அது. வாயில வெளக்கெண்ண கிண்ண ஊத்துனீங்களா?"

"இல்லக்கா."

"நல்ல வேள. முக்குற நாய்க்கு பலவந்தமா ஊத்துனா நுரையீரலுக்குப் போயிரும். மனுசனுக்குக் குடுக்குற மருந்தும் ஆகாது. ரெண்டு நாள் வெளிக்குப் போகலன்னாலே கூட்டிட்டு வந்துரணும்."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றி, மயக்க ஊசி போட்டு, எனிமா கொடுத்து, கையுறை போட்ட விரலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக, எலும்புச் சில்லுகளோடு வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா படைத்த இலை அது. அண்ணன் இறந்த அன்றைக்கு வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. மறுநாளும் வரச்சொல்லி மிச்சத்தை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றியதும் கிளீனர் சட்டியை நக்கி நக்கிக் காலி பண்ணியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வயித்துல எலும்பும்மா. அதான் சாப்புடல."

"அப்ப, அவன நெனச்சு இல்லையா?"

நான் காலிச் சட்டியில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன்.

இப்போது நாய் நன்றாக இருக்கிறது. அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். பூசணிக்காயை வேகவைத்துச் சோற்றோடு பிசைகிறாள், கறி எடுத்தால் சின்ன எலும்புகூட விடாமல் தடவிப் பொறுக்கி எறிகிறாள், தண்ணீர்ச் சட்டி காயவிடுவதில்லை. காலையில் அது ஒழுங்காக வெளிக்குப் போகிறதா என்று வேலியோரம் நின்று பார்க்கிறாள். ஆனால் அதோடு பேசுவதில்லை. "நாயிக்கு வச்சியா?" என்று என்னிடம்தான் கேட்கிறாள்.