பிளக்கின் மேல் ஒட்டிய டேப்

1

காலை ஐந்தரைக்கு மின்சார வேனின் திரை பதினொரு சதவீதம் என்று காட்டியது. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு நானே பிளக்கைச் சொருகி, சார்ஜரில் கார்டைத் தட்டி, சார்ஜ் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன்.

நான் மலேசியாவின் மெர்லிமாவ் ஊரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் போக்குவரத்து சூப்பர்வைசர். எங்களிடம் ஒரு பழைய பெட்ரோல் வேனும் ஒரு புது மின்சார வேனும் உண்டு. தோட்டங்களிலிருந்தும் செர்காம் பக்கமிருந்தும் நோயாளிகளை ஆறரைக்குள் அழைத்துவர வேண்டும். அன்று பெட்ரோல் வேனே இரண்டு டிரிப் ஓடியது. முனியம்மா அக்கா முக்கால் மணி நேரம் தாமதம். வீங்கிய காலோடு இறங்கியவர், "புது வண்டி வாங்கி எங்கள வாசல்ல காக்க வைக்கிறீங்களாம்மா?" என்றார்.

பெட்ரோல் வேன் டிரைவர் அந்தோணி அங்கிள் சிரித்தார். "நேத்து மழையில கரண்டு போச்சில்ல, ஒங்க பேட்டரி மாப்பிள்ள பயந்துட்டாரு மிஸ்."

நான் கிளம்பிய கையோடு போன கரண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு விடியும்வரை சார்ஜ் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்த இடிமழைக்கும் இதே கதை. யாரோ பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகியிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசி டிரிப் முடித்துக் கேட்டைப் பூட்டுபவர் அந்தோணி அங்கிள். புது வேன் நன்றாக ஓடினால் பழையதை விற்றுவிடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு முறையும் கரண்டு போவதற்கு முன்பே அவர் டேங்கை நிரப்பியிருந்தார். மறுநாள் இரண்டு டிரிப் ஓட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேனேஜரிடம் சொன்னேன். "ஆதாரத்தோட எழுதிக் குடும்மா. ஆள நிறுத்திடலாம்," என்றார்.

2

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எழுதுவது எனக்குப் பெரிய வேலையில்லை. அவர் மேல் புகார்க் கடிதத்தை டைப் செய்து டிராயரில் வைத்தேன். ஆதாரத்துக்காகத் தினமும் மாலையில் பிளக்கையும் வேனையும் சேர்த்து மாஸ்கிங் டேப் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டேன். தொட்டால் கிழிந்துவிடும். காலையில் அவர் வருமுன் நானே எடுத்துவிடுவேன்.

மூன்றாவது மழைக்கு மறுநாள் ஐந்து மணிக்கே போனேன். ஒன்பது சதவீதம். டேப்பில் என் கையெழுத்து அப்படியே இருந்தது.

முந்தைய இரண்டு முறையும் பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் யோசித்தேன். இந்த முறை பிடுங்காமல் சார்ஜரைப் பார்த்தேன். நீல விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கையேட்டைப் புரட்டினேன். கார்டு தட்டினால்தான் ஓடும்படி பூட்டு போட்டிருந்தால், கரண்டு போய் வந்தபின் கார்டை மறுபடி தட்ட வேண்டும். பூட்டு இல்லையென்றால் சார்ஜ் தானாகத் தொடரும்.

கார்டு என் சாவிக்கொத்தில் இருந்தது. பூட்டு வேண்டுமா என்று சார்ஜரைப் பொருத்திய டெக்னீஷியன் கேட்டபோது, வேண்டும் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்தோணி அங்கிளின் மருமகனிடம் மின்சாரக் கார் இருந்தது. நான் இல்லாத நேரத்தில் கொண்டுவந்து சொருகிவிடுவாரோ என்று அன்றைக்கே நினைத்தேன்.

அந்தோணி அங்கிள் வந்ததும் டேப்பைப் பார்த்தார். "என்னம்மா, வண்டிக்கு பிளாஸ்தரா?" என்று குனிந்தவர் கையெழுத்தைக் கண்டு நிமிர்ந்தார். "எனக்கா இது?"

டேங்கை ஏன் முன்கூட்டியே நிரப்பினார் என்று கேட்டேன்.

"மேகம் கருத்தா ஃபுல் பண்ணிருவேன் லா. கரண்டு போனா பெட்ரோல் ஸ்டேஷன்ல பம்பும் ஓடாது. சரி, முனியம்மா காத்திருக்கும்."

அன்றும் அந்தப் பெட்ரோல்தான் எல்லோரையும் கொண்டுவந்தது.

3

மேனேஜரிடம் வேறு கடிதம் கொடுத்தேன். அதில் தவறு செய்தவராக என் பெயர் இருந்தது. கார்டு பூட்டை அன்றே எடுத்துவிட்டோம். அதன் பிறகு எந்த மழைக்கும் சார்ஜ் நிற்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சந்தேகப்படுங்கள், ஆனால் பட்டியலில் முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

அந்தோணி அங்கிள் இப்போது கேட்டைப் பூட்டுமுன் பிளக்கைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். இன்று மாலையும் வந்தது.