சூளைக் களத்தில் ஓடிய வண்டி

என் அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது, அவன் பைக்கோடு ரோட்டோரப் பாசனச் சானலில் விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. 2007ஆம் வருஷம், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். கோட்டாற்றில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எட்டு வருஷமாகப் போய்வருகிற பாதை. வளைவு வந்தது அவனுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, சானலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். உடம்பெல்லாம் சேறாக, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றான்.

"எப்பிடிலே விழுந்த?" என்று அப்பா கேட்டார்.

"ரோடு தெரியல்லப்பா. கொஞ்ச நாளா இருட்டினா ஒண்ணும் தெரியமாட்டுக்கு."

அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். முப்பது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அவர் வண்டியிலிருந்து சாவியை உருவி, மடியில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் அதன்பிறகு அந்தச் சாவியைக் கேட்கவே இல்லை. அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. எனக்கு இருபத்தொன்று, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறது என்றார் டாக்டர். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் நடுவிலும் தெரியாமல் போகும். மருந்து கிடையாது. குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்று சொல்லி, என் கண்ணையும் சோதித்துப் பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பக்கத்து நாற்காலியில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

ஆறு மாதம் கழித்து ஒர்க்‌ஷாப் வேலையை அவனே விட்டுவிட்டான். கீழே விழுந்த ஒரு ஸ்குரூவைத் தேட அரைமணி நேரம் ஆகிறது, முதலாளிக்குச் சங்கடம் வேண்டாம் என்றான். அப்புறம் ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தான். கதவில் இடித்துக்கொள்வான். சோற்றுத் தட்டின் ஓரத்தில் வைத்த கூட்டு தெரியாமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துபோவான். ஒருநாள் எப்படித்தான் தெரிகிறது என்று கேட்டேன்.

"ஒரு குழாய்க்குள்ள கண்ண வச்சிப் பாக்குத மாதிரியாக்கும். நேரா பாத்தா ஒனக்க மூக்கு தெரியும். காது தெரியாது."

2009இல், சித்திரை வெயிலில் ஒரு காலை, முற்றத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சாக்கு விரித்து, ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்த தன்னுடைய பைக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். கழற்றிய போல்ட்டுகளை அளவுவாரியாக அம்மாவின் பழைய இட்லித் தட்டுக் குழிகளில் போட்டு வைத்திருந்தான்.

"என்னண்ணே செய்ய?"

"வண்டி ஒண்ணு கெட்டப்போறேன். நாலு வீலு. தரையோட தரையா. ரெண்டு சீட்டு."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு ஓட்டுறவனுக்கு. இன்னொண்ணு கண்ணு உள்ள ஆளுக்கு."

"அது ஆரு?"

"நீதாண்ட்டி" என்றான், இதிலென்ன கேள்வி என்பதுபோல.

அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் வந்தேன். நாலு மாதம். கோட்டாற்றில் பழைய இரும்புக் கடைகளுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போவோம். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்ப்பான். நசுங்கிய ஆட்டோ ஒன்றிலிருந்து மூன்று சக்கரம் கிடைத்தது. நாலாவது சக்கரத்துக்கு மூன்று வாரம் அலைந்தோம். அம்பாசிடர் கார் ஸ்டியரிங் ஒன்று, நடுவில் ஹாரன் இருந்த இடத்தில் ஓட்டையோடு. சட்டத்துக்கு எங்கள் வீட்டு இரும்புக் கட்டிலையே அறுத்தான்; பத்தாததற்கு உடைந்த போர்வெல் குழாய். இருக்கைக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, காலை வெட்டிவிட்டு. அளவெடுத்துச் சாக்பீஸால் கோடு போடுவது என் வேலை. அறுப்பது அவன். பிளேடு கோட்டை விட்டு விலகினால் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

வெல்டிங் மட்டும் அவனால் முடியாது. குழாய்களை ஆட்டோவில் ஏற்றி ஹைவே ஓரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் பற்றவைத்து முடித்த சட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டுறது ஆரு?" என்று கேட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை. "எனக்க தங்கச்சி" என்றான். அவர் என் சுடிதாரையும் கையிலிருந்த கரியையும் பார்த்துச் சிரித்தார்.

முதல் தடவை ஸ்டியரிங்கைத் திருப்பியபோது முன்சக்கரம் ஒன்று கிழக்கே போனது, இன்னொன்று மேற்கே போனது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது. பிறகு மண்ணில் படுத்து, இரண்டு கம்பிகளையும் விரலும் சாணும் வைத்து அளந்து, ஒன்று அரை விரற்கடை நீளம் கூடுதல் என்று கண்டுபிடித்தான்.

ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளை மூடிக் கிடந்தது. சுடாத பச்சைக்கல் காயப்போட்ட களம் இரண்டு பனை தூரத்துக்கு மேல் சமமாக, செம்மண்ணாக விரிந்திருக்கும். அங்கேதான் தள்ளிக்கொண்டு போனோம். ஆடி மாதம். கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று ஆளைச் சாய்க்கும். சுற்றிலும் காற்றாலைகளின் உறுமல். பைக்கிலிருந்து எடுத்துப் பொருத்திய எஞ்சினை உதைத்து எழுப்பினான். நான் "ரைட்டு, ரைட்டு" என்று கத்தியதைக் காற்று கொண்டுபோய்விட்டது. வண்டி நேரே போய்ச் சாம்பல் மேட்டில் ஏறி நின்றது.

"சொல்லப்பிடாதாட்டி?"

"தொண்ட கிழியக் கத்துனேன்!"

அதன்பிறகு வாயால் சொல்வதில்லை என்று முடிவுசெய்தோம். அவன் தோளில் ஒரு தட்டு தட்டினால் இடது, இரண்டு தட்டினால் வலது, சட்டையைப் பிடித்து இழுத்தால் பிரேக். மூன்றாவது சுற்றில் தவறே இல்லாமல் களத்தைச் சுற்றி வந்தோம். மண் முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் நேரே பார்த்தபடி, பல்லெல்லாம் செம்மண்ணாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சானலில் விழுந்த நாளிலிருந்து அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

வாரத்தில் மூன்று நாள் போவோம். ஒருநாள் அப்பா வந்தார். களத்தின் ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிச் சட்டையை இழுத்தேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்து, அண்ணனின் கைமேல் கையை வைத்தார்.

"ஸ்டியரிங்க இறுக்கிப் பிடியாத மக்கா. பைய பிடி. வண்டி தன்னால வரும்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி நடந்துவிட்டார்.

வேடிக்கை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். எனக்கு ஒரு வரன் வந்து, பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. அவர்கள் ஆள் ஒருவர் எங்கள் ஊர் டீக்கடையில் விசாரித்தபோது, "கண்ணு தெரியாத பய வண்டி ஓட்டுகானே, அந்த வீடா?" என்று யாரோ கேட்டிருக்கிறார். வழிவழியாக வருகிற நோய் என்பதும் அதோடு சேர்ந்து போயிற்று. அந்தச் சம்பந்தம் நின்றது. காரணத்தைத் தரகர் அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வரன் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்தது. அவர்களுக்கு எங்கள் ஊரில் யாரையும் தெரியாது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் அப்பா சொன்னார்.

"மக்கா, கொஞ்ச நாளைக்கு அந்த வண்டிய எடுக்காண்டாம். அவளுக்கு ஒரு நல்லது நடந்து முடியட்டும். நீ ஷார்ஜால வேலைக்கிப் போயிருக்கன்னு சொல்லியிருக்கோம்."

நான் அடுக்களை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் சோற்றில் கையை வைத்தபடி சிறிது நேரம் இருந்தான். பிறகு, "செரிப்பா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. அதுதான் உண்மை. மாப்பிள்ளையின் போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அப்பா எடுக்காதே என்றுதான் சொன்னார். அண்ணன் மறுநாளே வண்டியை முழுசாகப் பிரித்துவிட்டான். உதவிக்கு என்னைக் கூப்பிடவில்லை. கட்டுவதற்கு நாலு மாதம் ஆனது ஒரு பகலில் முடிந்தது. பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பெண் பார்க்க வந்த அன்று அண்ணன் திற்பரப்பில் சித்தி வீட்டில் இருந்தான். நிச்சயத்துக்கும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பஸ் ஏறுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கல்யாணத்துக்கு அண்ணன் ஏன் வரல்லன்னு கேப்பாவ. லீவு கெடைக்கல்லன்னு சொல்லு. முழிக்காண்டாம், என்னா?"

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் பெண்ணின் சகோதரன். சித்தப்பா மகன் செய்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் வெட்கம் என்று நினைத்தார்கள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துப் பெட்டியில் இரண்டு சேலைகூட எடுத்து வைத்திருந்தேன். அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மாமியார் என்னைப் பார்த்து, "இதுக்கா பிள்ள ஒரு மனுசன ஒளிச்சு வச்சிய?" என்று கேட்டார். கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் அண்ணனுக்காக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக எங்கள் வீட்டுக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் எங்கோ போயிருந்தார்கள். அண்ணன்தான் வாசலுக்கு வந்தான். என் சத்தம் கேட்டதும் கூட யார் என்று புரிந்துகொண்டான். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான். நிமிர்ந்து நின்று, என் கணவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் கதவுநிலையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"வாங்க மாப்பிள. நா ஷார்ஜால இருந்து நேத்துதான் வந்தேன். ஒரு மாசம் லீவு."

என் கணவர் அந்தக் கையிருந்த பக்கம் நகர்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் விடாமல் சொல்லிக்கொண்டே போனான். அங்கே வெயில் கடுமை, ரூமில் ஆறு பேர், சமையல் முறைவைத்து. எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தானோ.

"நா எல்லாஞ் சொல்லிட்டேண்ணே" என்றேன்.

அவன் நிறுத்தினான். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, சுவரைத் தடவி, பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எப்பம்?"

"போன வாரம்."

"அவிய என்ன சொன்னாவ?"

"ஒண்ணுஞ் சொல்லல்ல. அதுக்கென்னன்னு கேட்டாவ."

"ஒண்ணுஞ் சொல்லல்லியா?" என்று திருப்பிக் கேட்டான். பிறகு, "அப்ப செரி" என்றான். மாமியார் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மக்கா, சாப்ட்டியா?" என்று கேட்டார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். டீ கொதித்து வழிந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் அதன்பிறகு இரண்டு மூன்று தடவை, பழைய எஞ்சின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், மறுபடி கட்டலாமா என்று அவனிடம் கேட்டார். "இனி எதுக்கு மாப்பிள?" என்று சிரித்து ஒதுக்கிவிட்டான். அந்த ஒரு வருஷத்தில் அவனுடைய குழாய் இன்னும் சிறுத்துப் போயிருந்தது. 2013இல் அதுவும் முழுசாக அடைபட்டுப்போனது. இப்போது ஃபேன், மிக்ஸி மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கிறான். வேலை சுத்தம் என்று தூரத்திலிருந்தெல்லாம் கொண்டுவருகிறார்கள்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, வேலை செய்துகொண்டிருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கேட்கப் பயந்த கேள்வி.

"அன்னைக்கு நா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீ வண்டியப் பிரிச்சிருக்க மாட்டல்லாண்ணே?"

கம்பி சுற்றும் கை நிற்கவில்லை. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். சுற்று முடிந்தபிறகுதான் வாயைத் திறந்தான்.

"பிரிச்சிருப்பேன். ஆனா நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

கம்பியை நறுக்கி, முனையைச் சுரண்டிவிட்டு, அடுத்த காயிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.