அம்மா எடுக்காத கால்

கஷாயம் போலக் கறுத்த அந்த எண்ணெய்க்கு, நனைந்த சாக்கும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்தது போல ஒரு வாடை உண்டு. கையில் பட்டால் வழுக்கும், சிராய்ப்பில் பட்டால் எரியும், காரின் மேல் சிந்தினால் பெயிண்டையே உரித்துவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பிரேக்காயில்". திருவரங்குளத்தில் வாடகைக் கார் ஓட்டிய என் அப்பா, வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு முன்னால் பழையதை வடித்துவிட்டுப் புதிதை ஏற்றிவிடுவார். "நமக்குப் பேதி மருந்து மாதிரி, வண்டிக்கும் வருஷம் ஒருக்காக் கழியணும்" என்பார்.

அந்த வேலைக்கு ரெண்டு பேர் வேண்டும். அப்பா காருக்கு அடியில் படுத்து, சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகாணியில் ஒரு குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டிருப்பார். கார் ஓட்டவே தெரியாத அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பாள். ஒன்று இரண்டு என்று எண்ணினால் தப்பிப்போகிறது என்று "ந, ம, சி, வா, ய" என எழுத்துக்கு ஒரு மிதியாக மிதித்து, கடைசி எழுத்தில் காலை அழுத்தி நிறுத்திக்கொள்வாள். அப்பா திருகாணியைத் தளர்த்தக் கறுப்பு எண்ணெய் குழாயில் ஓடும். அவர் மறுபடி இறுக்கி "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், காற்றுப் போன பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர வண்டியை நிறுத்தாது. பானெட்டுக்குள் இருக்கும் கிண்ணத்தில் குறையக் குறையப் புதிதை ஊற்றுவது, பத்து வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற என் வேலை.

அந்த வருஷம் சவாரி அதிகமாகி வேலை பிந்திவிட்டது. சாமி வீதி வருகிற நாள் சாயங்காலம்தான் அப்பாவுக்கு ஒழிந்தது. மறுநாள் காலை ராகுகாலத்துக்கு முன்னால் அம்மாவின் தம்பி பெண்டாட்டியையும் பிள்ளையையும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும். மாமாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. பிரேக்கோ நாலு மிதி மிதித்தால்தான் பிடித்தது. "பச்சப்புள்ளய இதுல ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா காருக்கு அடியில் போனார். மாமா இருப்புக்கொள்ளாமல் காரையே சுற்றி வந்தார்.

"என்னக்கா, லைசென்ஸ் எப்ப எடுக்கப் போற?"

"ஒன் மகனுக்குத்தான்டா மிதிக்கிறேன். பேசாம இரு."

மூன்று சக்கரம் முடிந்து நாலாவதில் இருந்தபோது, நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே நாயனச் சத்தம் கேட்டது. கொட்டகைக்குள் கார் தெருவைப் பார்த்து நின்றதால், சாமி வாசலுக்கு வந்தபோது அம்மாவின் கால் சாமிக்கு நேராக நீண்டிருந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை. சடக்கென்று காலை எடுத்து, இறங்கி, கைகூப்பி நின்றுவிட்டாள். அடியிலோ திருகாணி திறந்தே கிடந்தது.

"மீனா, ஆச்சுன்னு நான் சொல்லலையே" என்று அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

அதன் பிறகு எத்தனை மிதித்தாலும் குழாயில் குமிழி குமிழியாகக் காற்றுதான் வந்தது. என் கையில் இருந்த டப்பாவும் காலியாகிவிட்டது. மாமா, "வடிச்சதையே மறுபடி ஊத்துங்க மச்சான், ஒரு நாள்தானே" என்றார்.

"நேத்துச் சாத்துன பூவ எடுத்து இன்னைக்கும் சாமிக்குச் சாத்துவியா, மாப்ள?"

மாமா கடைவீதியில் லாரி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்ப் பிரிக்காத டப்பா ஒன்றை வாங்கி வந்தார். அதற்குள் அம்மா, "என்னாலதாங்க, என்னாலதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாமியப் பாத்து எந்திரிச்சவள நான் என்னன்னு திட்டுறது? ஏறி ஒக்காரு" என்றார் அப்பா.

எங்கள் தெரு ஒரு முட்டுத்தெரு. கடைசி வீட்டு மண்டகப்படியில் தீபாராதனை முடிந்து, சாமி அதே வழியில்தான் திரும்பும். குமிழி ஓய்ந்து, கடைசி மிதியில் பிரேக் அடிவரை இறங்கி நின்ற நேரம் நாயனம் திரும்பி வந்தது. அப்பா இறுக்கப் பார்த்தார்; எண்ணெய் பட்ட ஸ்பேனர் தேய்ந்த திருகாணியில் வழுக்கியது. "எடுத்துராத மீனா, வழுக்குது."

சாமி வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "மீனாக்கா, எறங்கி வாங்க" என்று கூப்பிட்டார்கள். அம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே கையைக் கூப்பிக்கொண்டு, தொடை நடுங்க, காலைச் சாமிக்கு நேரே நீட்டியபடி, "பொறுத்துக்கப்பா, வீட்டுக்குப் புள்ள வருது" என்று முணுமுணுத்தாள். தீபாராதனை அவளுக்கு முன்னால் சுற்றி இறங்கியது. சாமி அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகுதான் அடியிலிருந்து "ஆச்சு" என்று கேட்டது. மாமா கை நிறைய விபூதி வாங்கி வந்து, சின்னப் பிள்ளைக்குப் பூசுவது போல அம்மாவின் நெற்றியில் தானே பூசிவிட்டார்.

மறுநாள் வருகிற வழியில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. அப்பா ஒரே மிதியில் நிறுத்தினார். அத்தை மடியில் பிள்ளை தூக்கம் கலையவில்லை.

அந்தக் கார் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் சிவனடி சேர்ந்துவிட்டார்கள். இப்போது என் காருக்கு இதையெல்லாம் ஒரு இயந்திரம் உறிஞ்சி எடுத்துவிடுகிறது. நான் கண்ணாடி அறையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மிதிக்க ஆள் தேவையில்லை. போன திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். குளத்தங்கரைச் சரிவில் சாமி எதிரே வந்துவிட்டது. பின்சீட்டில் பிள்ளைகள். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், இருந்தபடியே கையைக் கூப்பி ஐந்து எழுத்தையும் சொன்னேன். சாமி கடந்தது. "ஆச்சு" என்று சொல்ல யாரும் இல்லாததால், நானே மெதுவாகச் சொல்லிக்கொண்டு காலை எடுத்தேன்.